ராய்சினாவில் மனை வாங்கியவர்கள்: ஹடாலி சீக்கியக் குடும்பமும் புது தில்லி நிலமும்

1967 மார்ச் 6 அன்று சென்னையில் சி.என். அண்ணாதுரைக்கு முதலமைச்சராகப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தவர் ஆளுநர் சர்தார் உஜ்ஜல் சிங். 1969 ஜனவரி 14இல் மதராஸ் மாநிலம் தமிழ்நாடு எனப் பெயர் மாறியபோதும், அடுத்த மாதம் மு. கருணாநிதி பதவியேற்றபோதும் கிண்டி ராஜ்பவனில் இருந்தவர் அவரே. தமிழக அரசியல் வரலாறு அவரை ஓரிரு வரியில் கடந்துவிடுகிறது. அவர் பிறந்த குடும்பமோ தலைநகரத்தின் வரலாற்றில் அப்படிக் கடந்துபோக முடியாத ஒன்று. அவருடைய அண்ணன் சர் சோபா சிங்கைத் தில்லியின் பஞ்சாபிகள் ‘பாதி தில்லியின் சொந்தக்காரர்’ என்று சொல்லிவந்தார்கள். அதில் மிகை உண்டு. ஆனால், மேற்குப் பஞ்சாபின் பாலை விளிம்பிலிருந்து தில்லியில் சொந்தபந்தம் இல்லாமல் வந்து சேர்ந்த ஒரு குடும்பத்தைப் பற்றி இருபது முப்பது ஆண்டுகளில் அப்படியொரு பேச்சு எப்படிப் பிறந்தது என்பது ஆராயத் தக்கது.

வழக்கமாகச் சொல்லப்படும் விடை, ஆங்கிலேயர் தலைநகரம் கட்டினார்கள், இவர்கள் காண்டிராக்ட் எடுத்தார்கள், பணக்காரர் ஆனார்கள் என்பது. இது பாதிதான் சரி. புது தில்லியில் காண்டிராக்ட் எடுத்தவர்கள் பலர். அவர்களில் நிலத்தைப் பிடித்துக்கொண்டவர்களின் செல்வமே தலைமுறை தாண்டி நின்றது. எனவே, கட்டுமானத்தில் வந்த லாபத்தை இவர்கள் எங்கே போட்டார்கள், உள்ளூர்ப் பணக்காரர்கள் தயங்கிய இடத்தில் இவர்கள் ஏன் தயங்கவில்லை என்ற இரண்டு கேள்விகளை இக்கட்டுரை பின்தொடர்கிறது.

சான்றுகளைப் பற்றி முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இக்குடும்பத்தின் கதை நமக்குப் பெரும்பாலும் சோபா சிங்கின் மகன், எழுத்தாளர் குஷ்வந்த் சிங் வழியாகவே வந்து சேர்ந்திருக்கிறது. அவருடைய தன்வரலாறு 2002இல் வெளிவந்தது. 1990இல் வந்த ‘தில்லி’ நாவலிலும் கட்டுமானக்காரர்களுக்கென ஓர் அத்தியாயம் உண்டு. தந்தை மீது பாசமும் கிண்டலும் கலந்து எழுதுபவர் அவர். நாவலை ஆவணமாகக் கொள்ளக் கூடாது. தன்வரலாற்றையும் அரசு நடவடிக்கைகளோடும் நின்றுகொண்டிருக்கும் கட்டடங்களோடும் ஒப்பிட்டே கொள்ள வேண்டும்.

உப்பு மலையடிவாரம்

ஹடாலி இன்று பாகிஸ்தானின் குஷாப் மாவட்டத்தில் இருக்கிறது. அன்று ஷாப்பூர் மாவட்டம். ஒரு பக்கம் உப்பு மலைத்தொடர், மறுபக்கம் தல் பாலைவனம். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த ஊரில் சில இந்து, சீக்கியக் குடும்பங்கள் வணிகத்தில் இருந்தன. சோபா சிங்கின் முன்னோர் ஒட்டகங்களில் உப்பு ஏற்றிச் சென்று விற்றவர்கள். திரும்பும்போது தேயிலை, சர்க்கரை போன்ற சரக்குகளை ஏற்றி வருவார்கள். ஒட்டக வணிகத்தில் வழி நெடுகக் கடனும் நம்பிக்கையும் தேவை; சரக்கு கைமாறிப் பணம் வரும்வரை தாக்குப்பிடிக்கும் கையிருப்பும் தேவை. இந்தப் பழக்கம் பின்னால் காண்டிராக்ட் தொழிலில் அப்படியே உதவியது என்று கருதலாம்.

சோபா சிங்கின் தந்தை சுஜான் சிங் வணிகத்திலிருந்து ஒப்பந்த வேலைக்கு மாறினார். கால்காவிலிருந்து சிம்லாவுக்கு 96 கிலோமீட்டர் மலைப்பாதை ரயில் 1903இல் ஓடத் தொடங்கியது. நூற்றுக்கு மேற்பட்ட சுரங்கங்கள் கொண்ட அந்தப் பாதையில் அவர் வேலை எடுத்தார். பாறையை உடைப்பது, ஆட்களைத் திரட்டுவது, ஆங்கில என்ஜினீயரின் மனம் கோணாமல் பில் வாங்குவது என எல்லாவற்றுக்கும் அது பயிற்சிக்களமாக இருந்திருக்கும்.

ரயிலை விடவும் முக்கியமான இன்னொரு அனுபவம் உண்டு. குடும்ப வரலாற்றை எழுதுபவர்கள் அதைப் போகிற போக்கில் தொட்டுச் செல்கிறார்கள். கீழ் ஜீலம் கால்வாய் வெட்டப்பட்டபின் ஷாப்பூர் மாவட்டத்தின் வறண்ட பூமி பாசன நிலமானது. அதன் நடுவே 1903இல் சர்கோதா என்ற புதிய ஊரை அரசு நிறுவியது. ஹடாலிக்கு அது தொலைவில்லை; குடும்பம் அங்கும் கால் பதித்தது. பிறகு தெற்கே மியான் சன்னுவில் பெரும் பண்ணை நிலமும் பஞ்சு அரைவை ஆலையும் உருவாயின. அவற்றைக் கவனித்தவர் உஜ்ஜல் சிங். இந்தக் கால்வாய்க் குடியேற்ற ஊர்களில் அரசு கையாண்ட முறை ஒன்றுதான்: வெறும் பொட்டலில் அளவுக்கயிறு பிடித்துத் தெரு போடுவது, நடுவில் சந்தை வைப்பது, கடை மனைகளை விற்பது. முதலில் வாங்கியவன் பைத்தியக்காரனாகத் தெரிவான். தண்ணீரும் ரயிலும் வந்தபின் அவனே புத்திசாலி.

ஆக, 1911 டிசம்பர் 12 அன்று தில்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து மாற்றுவதாக அறிவித்தபோது, பொட்டலில் அரசு ஊர் எழுப்பினால் என்ன ஆகும் என்பதை இந்தக் குடும்பம் ஏற்கெனவே ஒருமுறை கண்ணால் பார்த்திருந்தது. ஹடாலியிலிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தள்ளியிருந்த தில்லிக்கு அவர்கள் கொண்டுவந்த முதலீட்டில் இந்த அனுபவத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

கல்லும் கணக்கும்

தர்பார் முடிந்த மூன்றாம் நாள், டிசம்பர் 15இல், மன்னரும் அரசியும் நகரின் வடக்கே முகாம் இருந்த இடத்திலேயே அடிக்கல் நாட்டினார்கள். பிறகு கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் இடம்பெற்ற நிபுணர் குழு அந்த இடம் சரிப்படாது என்று தெற்கே ராய்சினா மேட்டைத் தேர்ந்தெடுத்தது. மன்னர் கையால் நட்ட கல்லைப் பட்டப்பகலில் பிடுங்கி எடுத்துப்போனால் ஊர் சிரிக்கும். அதனால் இரவில் கமுக்கமாக மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுபோகும் வேலை இளைஞர் சோபா சிங்கிடம் வந்தது, அதற்கு 16 ரூபாய் கூலி கிடைத்தது என்பது குடும்பத்தில் வழங்கும் கதை. தொகையில் கூடக் குறைய இருக்கலாம். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஒரு பஞ்சாபி இளைஞரிடம் இப்படியொரு வேலையை நம்பிக் கொடுக்கும் அளவுக்கு என்ஜினீயர்களோடு பழக்கம் இருந்தது என்பதே இதில் நமக்குப் பயன்படும் செய்தி.

வேலைகள் பல கைகளுக்குப் பிரிந்தன. ஹெர்பர்ட் பேக்கர் வடிவமைத்த இரு தலைமைச் செயலகக் கட்டடங்களில் வடக்குத் தொகுதி பைசாகா சிங்குக்கும் தெற்குத் தொகுதி சோபா சிங்குக்கும் போயின. வைஸ்ராய் மாளிகையின் முதன்மை வேலையை ஹாரூன் அல் ரஷீத் எடுத்தார்; அதன் சில பகுதிகள் சோபா சிங் கைக்கும் வந்தன. 42 மீட்டர் உயரப் போர் நினைவு வளைவும், அதாவது இன்றைய இந்தியா கேட்டும், அவர் கட்டியதே. 1921 பிப்ரவரி 10இல் அடிக்கல் நாட்டிய அது 1931 பிப்ரவரி 12இல்தான் திறக்கப்பட்டது. நாராயண் சிங், தரம் சிங் எனச் சீக்கிய ஒப்பந்தக்காரர்கள் இன்னும் பலர் இருந்தார்கள்.

பத்து ஆண்டு நீளும் வேலையில் காண்டிராக்டரின் உயிர் எங்கே இருக்கிறது என்று பொதுப்பணித் துறையோடு தொழில் செய்த எவருக்கும் தெரியும். டெண்டருக்கு டெபாசிட் கட்ட வேண்டும். கல்லும் ஆளும் கைக்காசில் இறங்க வேண்டும். செய்த வேலையை என்ஜினீயர் அளந்து அளவுப் புத்தகமான எம்-புக்கில் ஏற்றி, பில் பாஸாகிப் பணம் வரும்வரை மேஸ்திரிக்கும் சித்தாளுக்கும் வாரக்கூலி கொடுத்தாக வேண்டும். 1914இல் போர் வந்ததும் அரசு நிதி சுருங்கி வேலை நொண்டியது. இந்தக் காலத்தைத் தாண்டியவர்கள் பில்லை மட்டும் நம்பாமல் வேறு வருமானமும் வைத்திருந்தவர்களாகவே இருக்க முடியும். சுஜான் சிங் குடும்பத்துக்குப் பின்னால் பண்ணையும் பஞ்சும் இருந்தன.

களத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். செயலகக் கட்டடங்களின் அடித்தளம் சிவப்பு மணற்கல், மேலே வெண்மஞ்சள் கல். இரண்டும் தோல்பூர், பரத்பூர் பக்கத்துக் குவாரிகளிலிருந்து ரயிலில் வந்தன. கட்டுமானத்துக்கென்றே போடப்பட்ட ஒரு குறுகிய ரயில்பாதை கல்லையும் மணலையும் நகரத்துக்குள் இழுத்து வந்தது. சிறுவனாக அதில் ஓசியில் ஏறிச் சுற்றியதைக் குஷ்வந்த் எழுதியிருக்கிறார். பெரிய கல்பட்டறை ஒன்றில் இயந்திர ரம்பங்கள் பாளம் அறுக்க, நூற்றுக்கணக்கான கல்தச்சர்கள் உளியோடு உட்கார்ந்திருந்தார்கள். மண்ணும் கல்லும் சுமந்தவர்களில் பெரும்பகுதி ராஜஸ்தானிலிருந்து குடும்பத்தோடு வந்த பாகரிகள். கைக்குழந்தையை மர நிழலில் தொட்டில் கட்டிப் போட்டுவிட்டுப் பெண்கள் கூடை தூக்கினார்கள். அவர்களும் குடிபெயர்ந்தவர்கள்தான். அவர்கள் பெயரில் இந்நகரத்தில் ஒரு தெருகூட அமையவில்லை.

கருவேலங்காட்டில் மனை

புதிய நகரத்துக்காக அரசு ராய்சினா, மால்ச்சா உள்ளிட்ட ஊர்களின் நிலத்தை 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் கீழ் கையகப்படுத்தியது. இழப்பீடு சரியாக வரவில்லை என்ற மால்ச்சா வாரிசுகளின் புகார் நூறாண்டு கழித்தும் நீதிமன்றம் வரை போனது. இந்த நிலத்தில் அரசுக்கு வேண்டியது போக மீதியைத் தனியாருக்கு விற்று, கடைவீதியும் வீடுகளும் எழச்செய்வது திட்டம். வாங்க ஆளில்லை.

இன்று கன்னாட் பிளேஸ் இருக்கும் இடம் அன்று கருவேலங்காடு. நரி ஊளையிடும். அனுமார் கோயிலுக்குப் போகிறவர்களைத் தவிர யாரும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. சதுர கஜம் இரண்டு ரூபாய்க்குக்கூட மனை கிடைத்தது என்று குஷ்வந்த் பதிவுசெய்கிறார். சில மனைகள் முழுக் கிரயமாகவும் பல மனைகள் நிரந்தரக் குத்தகையாகவும் கைமாறின. சோபா சிங் தன்னால் முடிந்த அளவு வாங்கிக் குவித்தார்.

தில்லியில் அப்போது பணக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. நிலத்தில் பணம் போடத் தெரியாதவர்களும் அல்லர். 1857 கிளர்ச்சியை ஒடுக்கியபின் ஆங்கிலேயர் ஃபதேபுரி மசூதியையே ஏலத்தில் விட்டபோது அதை 19,000 ரூபாய்க்கு வாங்கியவர் லாலா சுன்னா மல். பல்லாண்டு கழித்து அரசு அதை மீட்டு முஸ்லிம்களிடம் ஒப்படைத்தபோது பதிலுக்கு ஊர்களையே கொடுத்தது. இப்படிப்பட்ட பெருவணிகர்கள் ராய்சினாவைச் சீந்தாததற்கு அறியாமையைக் காரணமாக்க முடியாது. அவர்களுடைய கடை, கடன், உறவு, மரியாதை எல்லாம் மதிலுக்குள்ளே சாந்தினி சௌக்கில் இருந்தன. தலைநகரம் வருமா, போர் வந்து பாதியில் நிற்குமா, மறுபடி கல்கத்தாவுக்கே போய்விடுமா என்ற ஐயமும் அன்று அபத்தமானதல்ல. பழைய நகரத்தில் இழக்க ஒன்றுமில்லாத வெளியூர்க்காரருக்கு அந்தக் கணக்கு வேறு மாதிரி வந்தது. கட்டடம் எவ்வளவு உயர்ந்துவிட்டது, அடுத்த பில் எப்போது, எந்தத் துறை எங்கே குடியேறப்போகிறது என்பதெல்லாம் சாந்தினி சௌக்கின் வணிகருக்கு வதந்தி. களத்தில் நின்ற காண்டிராக்டருக்கு அன்றாட வேலை. இன்றைய சொல்லில் இது உள்தகவல். அன்று அதைத் தவறென்று யாரும் நினைக்கவில்லை. ஆனால் வரலாற்றாசிரியர் இதைச் சொல்லாமல், ‘துணிச்சல்’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவது நியாயமாகாது.

காண்டிராக்டர் புரமோட்டராக மாறும் புள்ளி கன்னாட் பிளேஸ். ராபர்ட் டார் ரஸ்ஸலின் வடிவமைப்பில் 1929 முதல் 1933 வரை எழுந்த வட்டக் கடைவீதி அது. தூண் வரிசையும் முகப்பும் எப்படி இருக்க வேண்டும் என்று அரசு விதித்தது. கட்டடத்துக்கான பணம் மனைக்காரரிடமிருந்து வந்தது. கீழே கடை, மேலே குடியிருப்பு. சோபா சிங் இதில் பல கட்டடங்களுக்கு உரிமையாளர் ஆனார். அவற்றில் ஒன்று கட்டடக் கலைஞர் வால்டர் ஜார்ஜ் வடிவமைத்து 1932இல் திறந்த ரீகல். புது தில்லியின் இந்தப் பகுதிக்கு முதல் தியேட்டர் அது. சினிமாவோடு மேடை நாடகங்களும் நடந்தன. அதே கட்டடத்தில் உணவகமும் கடைகளும் இருந்தன. ஒரே கூரையின் கீழ் படம், சாப்பாடு, கடை என்ற இந்த ஏற்பாட்டை இன்று மால் என்பார்கள். ஆள் வராத கடைவீதிக்கு ஆளை வரவழைக்கத் தியேட்டர் கட்டுவது, வந்த கூட்டத்தால் பக்கத்துக் கடைகளின் வாடகை ஏறுவது என்று ஒன்றையொன்று தூக்கிவிடும் கணக்கு அதில் இருந்தது. அரசு வேலையில் அளவுக்குக் கூலி. இங்கே தன் மனையின் மதிப்பைத் தானே உயர்த்திக்கொள்ளும் தொழில். ரீகலில் 2017 மார்ச் இறுதியில் கடைசிக் காட்சி ஓடியது.

நாராயண் சிங் குடும்பமும் இதே வழியில் போனது. அவருடைய மகன் ரஞ்சித் சிங் எழுப்பிய இம்பீரியல் ஹோட்டல் 1936இல் திறக்கப்பட்டது. ஆகவே சோபா சிங் தனி அதிசயம் அல்லர். ஒரு காண்டிராக்டர் வகுப்பே சொத்துடைமைக்கு ஏறியது. அதில் மிக உயரம் போனவர் அவர்.

பட்டமும் பழியும்

சொத்தோடு பதவியும் வந்தது. புது தில்லி நகராட்சியின் முதல் இந்தியத் தலைவர், மேலவை உறுப்பினர், 1944இல் சர் பட்டம். தம்பி உஜ்ஜல் சிங் பஞ்சாப் சட்டசபைக்குப் போனார். லண்டன் வட்டமேசை மாநாட்டில் சீக்கியர்களின் பிரதிநிதியாக அமர்ந்தார். ஒருவர் தலைநகரில் சொத்து, மற்றவர் ஊரில் பண்ணையும் அரசியலும் என்ற வேலைப்பிரிவு குடும்பத்துக்கு இரு பக்கமும் காவலாக இருந்தது.

அரசோடு இவ்வளவு நெருக்கமாக இருந்ததற்கு ஒரு விலையும் உண்டு. 1929 ஏப்ரல் 8 அன்று மத்திய சட்டசபையில் பகத் சிங்கும் படுகேஷ்வர் தத்தும் குண்டு வீசியபோது சோபா சிங் பார்வையாளர் மாடத்தில் இருந்தார். இருவரையும் அடையாளம் காட்டி நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். அந்த வழக்கில் கிடைத்தது நாடுகடத்தலோடு ஆயுள் தண்டனை. பகத் சிங் தூக்கிலிடப்பட்டது போலீஸ் அதிகாரி சாண்டர்ஸ் கொலை வழக்கில். இந்த வேறுபாடு பொதுப்பேச்சில் அழிந்துவிட்டது. 2011இல் தில்லியின் விண்ட்சர் பிளேசுக்குச் சோபா சிங் பெயரைச் சூட்டலாம் என்ற யோசனை எழுந்தபோது கிளம்பிய எதிர்ப்பில் அது அடிபட்டுப் போனது. தந்தை கண்டதைத்தான் சொன்னார் என்று குஷ்வந்த் வாதாடினார். சட்டப்படி அவர் சொல்வது சரி. ஆனாலும் கண்டதைச் சொல்ல முன்வருவதும் வராமல் இருப்பதும் அன்று ஓர் அரசியல் தேர்வு. அரசின் பில்லில் வாழ்ந்த குடும்பம் எந்தப் பக்கம் நின்றிருக்கும் என்பதில் வியப்பில்லை.

பிரிவினைக்கு முன்னும் பின்னும்

இரண்டாம் உலகப் போரில் தில்லியில் வீட்டுப் பஞ்சம். 1945இல் சோபா சிங் தன் தந்தையின் பெயரில் சுஜான் சிங் பார்க்கை எழுப்பினார். இதற்கும் வால்டர் ஜார்ஜே வடிவமைப்பாளர். சிவப்புச் செங்கல், பெரிய வளைவு வாசல்கள், நடுவில் புல்வெளி, பின்னால் பணியாளர் குடியிருப்பு. புது தில்லியின் முதல் அடுக்குமாடிக் குடியிருப்பு இதுவே என்பர். அம்பாசடர் ஹோட்டலும் இதன் பகுதிதான். பங்களா இருந்தால்தான் கௌரவம் என்று எண்ணிய நகரத்தில் அதிகாரிகளையும் வசதியுள்ளவர்களையும் மாடிக்குடித்தனத்துக்குப் பழக்கியது அது. குஷ்வந்த் 2014இல் இறக்கும்வரை அங்கேதான் தரைத்தளத்தில் வாழ்ந்தார்.

இரண்டே ஆண்டில் ஹடாலி வேறு நாடானது. மியான் சன்னு பண்ணை போனது, ஆலை போனது. லட்சக்கணக்கான பஞ்சாபிகள் உடுத்திய துணியோடு தில்லிக்கு வந்து இறங்கினார்கள். 1941இல் 9.18 லட்சமாக இருந்த தில்லியின் மக்கள்தொகை 1951இல் 17.44 லட்சம். சுஜான் சிங் பார்க்குக்கு எதிரே எல்லைப்புற மாகாண அகதிகளுக்குக் கடைகள் ஒதுக்கி உருவானதுதான் கான் மார்க்கெட். முப்பது ஆண்டு முந்திக்கொண்டு குடிபெயர்ந்த குடும்பம் வேர் அறுந்தும் வீழவில்லை. அதன் செல்வத்தின் பெரும்பகுதி அதற்குள் எல்லைக்கு இந்தப் பக்கம் மண்ணாகவும் செங்கல்லாகவும் மாறியிருந்தது. இதை முன்யோசனை என்று சொல்ல ஆதாரமில்லை. 1920களில் யாரும் பிரிவினையைக் கணக்கிட்டு மனை வாங்கவில்லை.

இவ்வளவு நிலமும் அனுபவமும் இருந்தும் இக்குடும்பம் பின்னாளைய பெரும் ரியல் எஸ்டேட் நிறுவனங்களைப் போல வளராததற்குக் காரணம் சட்டத்தில் இருக்கிறது. 1957இல் தில்லி வளர்ச்சி ஆணையம் பிறந்தது. தொடர்ந்து நிலத்தைப் பெருமளவில் அரசே எடுத்து, அரசே மனை போட்டுக் குத்தகைக்கு விடும் கொள்கை வந்தது. தனியார் நகர் அமைப்பாளர்களுக்குத் தில்லிக்குள் இடமில்லாமல் போனது. 1946இல் தொடங்கிய டி.எல்.எஃப். போன்றவர்கள் ஹரியானா எல்லை தாண்டிக் குர்காவ் வயல்களை நோக்கி நகர்ந்தார்கள். சோபா சிங் அப்போது முதுமையை நெருங்கியிருந்தார். 1978 ஏப்ரலில் காலமானார். இருப்பதைக் காப்பதே குடும்பத்தின் தொழிலானது.

காப்பதும் எளிதாக இல்லை. போர்க்காலத்தில் தொடங்கிய வாடகைக் கட்டுப்பாடு 1958இல் தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமாக இறுகியது. பழைய வாடகைதாரரைக் கிளப்ப முடியாது. வாடகையை ஏற்றவும் முடியாது. கன்னாட் பிளேசில் நாட்டிலேயே விலையுயர்ந்த இடத்தைச் சில நூறு ரூபாய் வாடகைக்கு வைத்திருந்த கடைகள் பல. உரிமையாளர் பத்திரத்தை வைத்திருந்தார், வருமானம் கடைக்காரருக்குப் போனது. 1988 திருத்தம் மாதம் 3,500 ரூபாய்க்கு மேல் வாடகை உள்ள இடங்களுக்கு மட்டும் விலக்கு அளித்தது. பழைய வாடகைகள் அந்தக் கோட்டுக்குக் கீழேயே கிடந்தன. 1995இல் நாடாளுமன்றம் புதிய தில்லி வாடகைச் சட்டத்தை நிறைவேற்றியது; குடியரசுத் தலைவரும் ஒப்புதல் அளித்தார். கடைக்காரர்கள் தெருவில் இறங்கியதும் அரசு அதை நடைமுறைப்படுத்தும் அறிவிப்பை வெளியிடாமலே விட்டுவிட்டது.